குரல் இப்போது எந்த ஸ்டேஷன்

என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வீட்டில் முதலில் செய்த காரியம் அவனுடைய மாத்திரையை நிறுத்தியது. துணி எடுக்கவில்லை, பந்தலுக்குச் சொல்லவில்லை, அதற்கெல்லாம் முன்னால் இதைச் செய்தார்கள். அப்பா மாத்திரை டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாத்திரை சாப்பிட்டால் தம்பிக்குக் கை நடுங்கும். காப்பியை வாங்கினால் கோப்பை தட்டில் மோதிக் கடகடவென்று சத்தம் போடும். பெண் வீட்டார் முதல் தடவை வந்தபோது எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்கள், அவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மா சொன்னாள். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை வயிற்றைச் சொல்லித் தப்பிக்கலாம். கல்யாணத்தன்று மோதிரம் போட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அதனால் மாத்திரையை நிறுத்தினார்கள். வியாதி வெளியே தெரியாது, மருந்துதான் தெரியும். ஆகவே மருந்துதான் வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த வியாதி என்ன என்று முதலில் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே குடியிருந்தோம். அப்பா ஒரு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். எங்கள் திருச்சபையின் செயலாளரும் அவர்தான். நான் நகரத்தில் டெலிபோன் ஆபரேட்டர், வெளியூர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் வேலை. தம்பி பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். நன்றாகப் படிப்பவன், வாயாடி, வீட்டில் எனக்கு ஒத்தாசையாகச் சிரிப்பவன் அவன் ஒருவன்தான்.

அந்த வருஷம் அவன் மாறினான். வகுப்புக்குப் போவதாகக் கிளம்பிப் பாதியில் திரும்பி வந்துவிடுவான். விமானப்படைத் தளத்திலிருந்து காலையில் பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் சுற்றும். தாம்பரத்தில் இருப்பவர்கள் யாரும் அதற்காக நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவன் மட்டும் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான்.

ஒரு நாள் அம்மாவிடம் சொன்னான்: "அம்மா, யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல."

வேறு வீடாக இருந்திருந்தால் பயந்திருப்பார்கள், பேயோ பிசாசோ என்று ஓடியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். ஆண்டவர் ஒரு சிறுவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வேதாகமக் கதை எங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். அது மட்டுமில்லை. தம்பிக்கு முன்னால் பிறந்த குழந்தை தங்கவில்லை. இவன் தங்கினால் ஊழியத்துக்குத் தருவதாக அம்மா பொருத்தனை செய்திருந்தாள். அப்படியிருக்க, பெயர் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டால் அவள் வேறு என்ன நினைப்பாள். அடுத்த ஞாயிறே அவனைச் சபைக்கு முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "எனக்கு ஒரு குரல் கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லாரும் தோத்திரம் என்றார்கள்.

அதில் ஒரு வருஷம் போயிற்று. அவன் சாப்பிடாமல் இருந்ததை உபவாசம் என்றார்கள். பேசாமல் இருந்ததைத் தியானம் என்றார்கள். குளிக்காமல் இருந்ததற்கு மட்டும் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டினார்.

எனக்கு மதிய ஓய்வு இருந்த ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தான்.

"ஆண்டவர் என்னடா சொல்றாரு?" என்று கேட்டேன்.

வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அது ஆண்டவர் இல்ல. 'இன்னாடா, சோறு துன்றியா, அதுல வெசம் கீது'ன்னா ஆண்டவர் பேசுவாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அழுதான். "மீதிய உன்கிட்டகூட சொல்ல முடியாது. அவ்ளோ அசிங்கம். நாள் முழுக்க. நான் பண்றத எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிச் சிரிக்குது."

"அம்மாகிட்ட ஏன்டா சொல்லல?"

"அம்மா எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க, பாத்தியா."

அம்மாவின் சந்தோஷத்துக்காக ஒரு வருஷம் அந்த அசிங்கத்தைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருவர் மேல் என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

அந்த வாரமே கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "கீழ்ப்பாக்கம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்கும் வரன் வராது" என்றார் அப்பா. "எனக்கு எப்ப வந்தது, இப்ப வராம போறதுக்கு" என்றேன். அங்கே ஒரு பெண் டாக்டர் அவனோடு நிறைய நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு வியாதியின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்கிசோஃப்ரினியா. ரத்தக் கொதிப்பு மாதிரி, சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு வியாதி என்றார். யாருடைய பாவமும் இல்லை, வளர்த்த தப்பும் இல்லை. மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

பின்னால் அதற்கு மனச்சிதைவு என்று தமிழில் பெயர் கேள்விப்பட்டேன். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கீழே போட்ட சட்டி மாதிரி அவன் மனம் சிதறிக் கிடக்கவில்லை. கணக்குப் போடுவான், கேலி செய்வான், என் முகத்தைப் பார்த்தே ஆபீஸில் சண்டையா என்று கேட்பான். ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள் என்று சிலர் சொல்கிறார்கள், அதுவும் பொய். அவன் ஒரே ஆள்தான். அந்த ஒரே ஆளின் காதில் விடாமல் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் குளிக்கவும் சாப்பிடவும் எழுந்து நடக்கவும் அவனுக்குத் தெம்பு இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

அவனுக்குக் கேட்பதெல்லாம் கற்பனை என்றும் சொன்னார்கள். கற்பனை என்றால் வேண்டாம் என்று நிறுத்தலாம். நான் வேலையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முகம் தெரியாத ஆள் ஒருவன் மதுரையிலிருந்து என் காதுக்குள் கத்துவான். அவன் என் பக்கத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக அவன் கத்துவது கேட்காமல் போகுமா? தம்பியின் நிலைமையை எனக்குப் புரியவைத்தது அந்த ஹெட்போன்தான். அவனிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் அக்கா" என்றான். "முகம் தெரியாதவன் திட்டறதைக் கேக்கறது. உனக்கு சம்பளம் குடுக்கறாங்க, எனக்கு மாத்திரை குடுக்கறாங்க. ஒரே வித்தியாசம், உன்னால பிளக்கைப் பிடுங்க முடியும்."

மாத்திரை பிளக்கைப் பிடுங்கவில்லை. ஆனால் குரலைத் தள்ளிக்கொண்டு போயிற்று. முதலில் காதுக்குள் இருந்தது அடுத்த அறைக்குப் போனது, பிறகு தெருவுக்கு. ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, "அக்கா, சானடோரியம் போயிடுச்சு" என்றான். சானடோரியம் என்றால் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். அதிலிருந்து எங்களுக்குள் அதுவே கணக்காகிவிட்டது. "எந்த ஸ்டேஷன்?" என்று காலையில் கேட்பேன். "குரோம்பேட்டை" என்பான். மாதக்கணக்கில் அங்கேயே நின்றது. பிறகு பல்லாவரம், மீனம்பாக்கம். கிண்டியைத் தாண்டிய நாளில் நாங்கள் இருவரும் கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கு ஒரு மசால் தோசை சாப்பிட்டோம். கிண்டிக்கு அப்பால் பேசுகிறவன் என்ன திட்டினாலும் தாம்பரத்தில் வார்த்தை புரியாது. வெறும் இரைச்சல்தான்.

அவனுக்கு ஒரு வேலையும் கிடைத்தது, பல்லாவரத்தில் ஒரு தோல் கிடங்கில் எடை எழுதும் வேலை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் நின்றால் முகம் வெந்துவிடும். அதனால் என்னுடைய பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு போவான். கிடங்கில் சுமை தூக்குகிற ஆட்கள் கேலி செய்வார்களாம்.

"இன்னா சார், கொட புட்ச்சிகினு வர்ற. உனக்கு மட்டும் மய பெய்தா?"

"எனக்கு முதல்ல பெய்யும். உனக்கு சாயங்காலம்தான் வரும்" என்பானாம்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பல்லாவரத்தில் டீச்சர், வேறொரு சபையைச் சேர்ந்தவள். அப்பா பெண் வீட்டாரிடம் பையனுக்கு முன்னால் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி இருந்தது, இப்போது இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போகும்" என்றார் என்னிடம். "பொறுப்பு வந்தா மனசு ஒரு இடத்துல நிக்கும்."

"உங்களுக்கு சர்க்கரை இருக்கில்லப்பா. அதுக்கு நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

சமையலறையில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியாது. அப்பா சொன்னார்: "உன் வாயாலதான் நீ இன்னும் இங்கயே உக்காந்திருக்க."

தம்பியிடம் போனேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து அதே மாத்திரையை மறுபடி வாங்கிவந்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அப்பா பைபிள் மேல கை வைக்கச் சொன்னாரு அக்கா. கல்யாணம் வரைக்கும் மாத்திரை தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியாச்சு."

"உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமாடா?"

"எனக்கும் ஆசை இருக்காதா?" என்றான். பிறகு, "அவங்களுக்குத் தெரியாது இல்ல?" என்று கேட்டான்.

"தெரியாது."

என் விரல்களை மாத்திரையின் மேல் மடக்கிவிட்டு எழுந்து போனான்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நான் நினைத்ததே இல்லை. தெரிந்து ஒருத்தி வந்தால் வாசலில் நின்று கூப்பிட்டிருப்பேன். ஏமாற்றிக் கூட்டிவந்து, அதற்காக அவனுடைய மருந்தையும் பறித்தால் இரண்டு பேர் நாசமாவார்கள். மாத்திரை திரும்ப வேண்டுமானால் இந்தப் பொய்க் கல்யாணம் நிற்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஐயர் எல்லார் முன்னாலும் அறிவிப்பார். எங்கள் பாஸ்டரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பெண்ணின் கோயிலிலும் அதே மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்று குரல் மீனம்பாக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது.

ஆராதனை முடிந்ததும் நான் ஐயரிடம் போனேன்.

"ஐயா, தடை இருந்தா சொல்லலாம்னு வாசிச்சீங்க. நான் சொல்ல வந்திருக்கேன்."

"உட்காரும்மா. என்ன தடை? வேற கல்யாணம் ஏதும் ஆயிருக்கா? ரத்த சம்பந்தமா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரம் திருவிருந்து எடுத்தானேம்மா, நல்லாத்தானே இருந்தான். சுகவீனத்தைத் தடைன்னு நான் எடுத்துக்க முடியாது. எல்லாருக்கும்தான் ஏதோ ஒரு சுகவீனம். இது ரெண்டு வீட்டாரும் பேசிக்க வேண்டியது."

"ஒரு வீட்டாருக்குத் தெரியவே தெரியாதுங்க ஐயா. எப்படிப் பேசிப்பாங்க?"

"ஜெபம் பண்ணுவோம்மா."

"பண்ணுங்க. ஆனா எந்திரிச்சு நின்னு கேக்கற கேள்விக்குப் பதில் சொன்னா காது குடுக்கணும் ஐயா. இல்லன்னா கேக்கக்கூடாது."

இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டது. அன்று பல்லாவரம். தம்பி தூங்குவதை நிறுத்தியிருந்தான். காலையில் விமானச் சத்தம் வந்தால் தலையைச் சாய்த்தான். கை மட்டும் நடுங்கவில்லை. அப்பா அதைப் பார்த்து, "பாத்தியா, மருந்து இல்லாம எவ்வளவு நல்லா இருக்கான்" என்றார். கையைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் அங்கே காய்கறி வாங்க வருவாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது. கோழிக் கூடைகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் நடுவில் அவளைக் கண்டுபிடித்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களா. மாமாவும் வந்திருக்காங்களா?"

"அப்பா வரல. நான் வந்ததும் அவருக்குத் தெரியாது. ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு நீ என்ன வேணா பண்ணு."

சுற்றி வளைக்காமல் சொன்னேன். வியாதியின் பெயர், ஆஸ்பத்திரி, குரல், மாத்திரை. அவள் கையில் முருங்கைக்காயைப் பிடித்தபடியே கேட்டாள். முடித்ததும் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள். இத்தனை வருஷத்தில் இந்த வியாதியைப் பற்றி என்னிடம் நேராகக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்.

"அடிப்பாரா?"

"ஒரு நாளும் அடிச்சதில்ல. முத்தினப்ப சாப்பிடாம அவன்தான் சாகப் பாத்தான்."

"பொறக்கற புள்ளைக்கு வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"மாத்திரை எவ்வளவு நாளைக்கு?"

"எப்பவும்னு வச்சுக்க."

"இப்ப சாப்பிடறாரு இல்ல?"

"இல்ல. உனக்காக நிறுத்தியிருக்காங்க. கை நடுங்கறது உனக்குத் தெரியக்கூடாதுன்னு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "எனக்காகவா? என்னைக் கேட்டாங்களா?" என்றாள். "போன வாரம் உங்க அப்பா எங்க வீட்டுல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாரு. இந்தக் காரியத்துல சாத்தான் உள்ள வரக்கூடாதுன்னு. அது உங்களைத்தான் சொன்னாரா?"

"இருக்கும்."

கடைக்காரி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யம்மா, வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி காய வச்சிட்டு வழிய வுடு. பேஜாரு பண்ணாத."

அவள் காயை வாங்கினாள். பிறகு என்னிடம், "அவர் வாயால கேக்கணும் அக்கா" என்றாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கிடங்கு வேலை முடிந்து தம்பி பல்லாவரம் ஸ்டேஷனுக்கு வந்தான். பிளாட்பாரப் பெஞ்சில் நடுவில் நான், இரண்டு பக்கமும் அவர்கள். முதல் நாள் மாலையே அவனிடம் சொல்லியிருந்தேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். பெரிய மூச்சு ஒன்று விட்டு, "நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னான்.

குடையை மடியில் வைத்துக்கொண்டு அவனே ஆரம்பித்தான். சாட்சி சொன்னதிலிருந்து சொன்னான். விஷம் என்று சொன்ன குரல், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் கணக்கு எல்லாம்.

"இப்ப எங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நேத்து குரோம்பேட்டை. இன்னிக்குக் காலையில சானடோரியம் வந்துடுச்சுங்க."

அவள் தாம்பரம் பக்கம் தண்டவாளத்தைப் பார்த்தாள். "என்னைப் பத்தி ஏதாவது சொல்லுதா?"

"சொல்லுது."

"என்னன்னு?"

"அதைச் சொல்லமாட்டேங்க. அது நான் பேசறது இல்ல."

கடற்கரைக்குப் போகிற வண்டி வந்து நின்றது, போயிற்று. எங்கள் மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டிச் சத்தம் அடங்கியதும் சொன்னாள்: "என்னால முடியாதுங்க. நீங்க கெட்டவர்னு இல்ல. எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும் பயம்தாங்க" என்றான் தம்பி.

"எங்க வீட்டுல காரணம் சொல்லமாட்டேன். எனக்கு இஷ்டம் இல்லைன்னு சொல்லிக்கறேன். பழி என் மேல இருக்கட்டும்."

இங்கேதான் நான் எதிர்பார்க்காததை அவன் செய்தான். "வேண்டாங்க. காரணத்தைச் சொல்லுங்க" என்றான். "எனக்கு இந்த வியாதி இருக்குன்னு பேர் சொல்லியே சொல்லுங்க. மறைச்சீங்கன்னா அடுத்த மாசம் வேற ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய் இதையே பண்ணுவாங்க. அதுவரைக்கும் மாத்திரை பூட்டியே இருக்கும். எனக்குக் கை நடுங்கினா பரவாயில்லைங்க. அந்தக் குரல் வீட்டுக்குள்ள வந்துடக்கூடாது."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கேட்டாள், யோசித்தாள், முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் சபையில் ஒருவரும் அவனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் அவளுடைய அப்பா வந்து ஐயரைப் பார்த்துவிட்டு, எங்கள் அப்பாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். ஓலை வாசிக்கிற நேரம் வந்தது. ஐயர் வேறொரு ஜோடியின் பெயரை வாசித்தார். எங்கள் பெயர் வரவில்லை. விசிறிகள் நின்றன. முன் வரிசையிலிருந்து பின் வரிசைவரை தலைகள் திரும்பின. தம்பி தன் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பிய ஒவ்வொரு முகத்தையும் திருப்பிப் பார்த்தேன். அவர்களாகப் பார்வையை எடுக்கும்வரை நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கோயில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குடும்பத்தை நடுரோட்டுல நிறுத்திட்ட. இப்ப திருப்திதானே?"

"இல்லப்பா. மாத்திரையைக் குடுங்க, அப்பறம் திருப்தி."

"ஊர் பூரா இவனைப் பைத்தியம்னு சொல்லப்போகுது."

"சொல்லட்டும். பைத்தியம்னு சொன்னா செத்துப் போகமாட்டான். மாத்திரை இல்லன்னா போயிடுவான்."

தம்பி நடுவில் வந்து நின்றான். "அப்பா, கல்யாணம் வரைக்கும்னு சத்தியம் பண்ணேன். கல்யாணம் இல்லன்னு ஆயிடுச்சு. சத்தியம் முடிஞ்சுபோச்சு. குடுங்க."

அப்பா அசையவில்லை. அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும், என்னுடையதும் அதே பிடிவாதம்தான். பீரோவை உடைப்பதற்கு அம்மியிலிருந்து குழவியை எடுக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அப்போது அம்மா எங்களைத் தாண்டிப் போய், ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள்.

"பொருத்தனை பண்ணது நான்" என்றாள் அப்பாவிடம். "அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. அதை நான் பாத்துக்கறேன். இவனை விடுங்க."

பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்து, தண்ணீரோடு தம்பியிடம் கொடுத்தாள். அவன் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. விட்ட மருந்து சாப்பிட்டதும் பிடித்துக்கொள்ளாது. குரல் எங்கள் தெருவுக்கு வந்து, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சில வாரங்கள் அவனை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டியிருந்தது. தோல் கிடங்கு வேலை போயிற்று. அப்பா செயலாளர் பதவியை விட்டார், என்னோடு பேச்சையும் விட்டார். எனக்கு வரன் வரவே இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் லீவு போட்டு அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கேலி பேசிய இடத்தில் பதில் பேசினேன். வியாதியின் பெயரை யார் கேட்டாலும் முழுதாகச் சொன்னேன். பெயரைச் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவர்களுக்குத்தான் வாய் அடைத்தது, எனக்கு இல்லை.

குரல் மெதுவாகப் பின்வாங்கியது. சானடோரியம். மறுபடி வெகுநாள் குரோம்பேட்டை. பல்லாவரம். எந்த ஸ்டேஷன் என்று அம்மாவும் கேட்கப் பழகிக்கொண்டாள். அப்பா கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் அம்மா கேட்கும்போது பேப்பரைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாலை ஐயர் வீட்டுக்கு வந்தார். அப்போது தம்பிக்கு ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை, உள்ளே நிழலில். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

"தம்பி இப்ப பூரண சுகம்தானே?" என்று ஐயர் கேட்டார்.

"ஆமாங்க ஐயா, கர்த்தர் கிருபை" என்று அப்பா ஆரம்பித்தார்.

"பூரணமெல்லாம் இல்லைங்க ஐயா" என்றான் தம்பி. "கிண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கு. மாத்திரை சாப்பிடற வரைக்கும் அங்க இருக்கும். கை நடுங்கறது மாத்திரையால, பயப்படாதீங்க."

அம்மா காப்பி கொண்டுவந்தாள். ஐயருக்குக் கொடுத்தாள், அப்பாவுக்குக் கொடுத்தாள், மூன்றாவது கோப்பையில் ஊற்ற ஆரம்பித்தாள்.

"முக்கால் ஊத்துங்கம்மா" என்றான். "அப்பதான் சிந்தாது."

வாங்கிக்கொண்டான். கோப்பை தட்டில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது. ஐயர் பேச்சை நிறுத்தினார். தம்பி நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, "சொல்லுங்க ஐயா, நிறுத்திட்டீங்க" என்றான்.